பாசி தின்னும் மீன்கள்: தேர்வும் பொறுப்பும்

புதிதாக மீன் தொட்டி வைக்கும் வீடுகளில் ஏறக்குறைய ஒரே கதைதான் நடக்கிறது. முதல் வாரம் தொட்டி பளிச்சென்று இருக்கும். மூன்றாம் வாரத்தில் கண்ணாடியின் உட்புறம் பழுப்பு நிறத்தில் மங்கத் தொடங்கும். இரண்டு மாதத்திற்குள் கூழாங்கல், நீர்ச்செடி, காற்றுக் குழாய் ஆகிய எல்லாவற்றின் மேலும் பச்சைப் படலம் படர்ந்துவிடும். வீட்டார் மீன் கடைக்குச் செல்வர். கடைக்காரர் விரல் நீளமுள்ள, புள்ளிகள் நிறைந்த ஒரு மீனை நெகிழிப் பையில் பிடித்துக் கொடுப்பார். வாயால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு அசையாமல் கிடக்கும் அந்த மீன், சில ரிங்கிட்டுக்குக் கிடைத்த மலிவான துப்புரவாளராகத் தோன்றும்.

மலேசியாவில் அதற்கு வழங்கும் பெயரும் அதன் வேலையையே சொல்கிறது. மலாய் மொழியில் அதனை ‘இக்கான் பண்டாராயா’ என்பர். ‘பண்டாராயா’ என்றால் மாநகர் என்று பொருள். 1988ஆம் ஆண்டில் மாநகராக உயர்ந்த ஈப்போவின் தெருக்களை மாநகர் மன்றப் பணியாளர்கள் தூய்மைப்படுத்துவது போல, தொட்டியைத் தூய்மைப்படுத்தும் மீன் என்ற எண்ணத்தில் எழுந்த பெயர் அது.

பெயர் இனிமையானதுதான். ஆயினும், ஓர் உயிரை அது செய்யும் வேலையை மட்டும் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவருவதில் ஓர் ஆபத்து உண்டு. அந்த ஆபத்து தொட்டிக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள கால்வாய் வழியாக ஆறு வரையிலும் நீள்கிறது.

பாசி எங்கிருந்து வருகிறது?

பாசி தின்னும் மீனைத் தேடுவதற்கு முன் பாசி ஏன் வளர்கிறது என்பதை அறிய வேண்டும். பாசிக்குத் தேவையானவை மூன்று: ஒளி, நீர், சத்து. தொட்டியில் நீருக்குக் குறைவில்லை. சன்னல் ஓரத்தில் வைக்கப்பட்ட தொட்டிக்கு வெயில் கிடைக்கிறது. மற்றத் தொட்டிகளில் விளக்கு இரவு வரை எரிகிறது. மீன் தின்னாமல் விட்ட உணவும் மீனின் கழிவும் சத்தாக மாறுகின்றன. அந்தக் கழிவிலிருந்து முதலில் அம்மோனியா தோன்றுகிறது. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டு பாசிக்கு உரம். வயலில் உரம் போட்டால் பயிர் தழைப்பது போலவே, அளவுக்கு மீறி உணவு கொட்டப்படும் தொட்டியில் பாசி தழைக்கிறது.

ஆகவே முதல் மருந்து வீட்டாரின் கையிலேயே இருக்கிறது. விளக்கை ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் மட்டும் எரியவிடலாம். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு உணவு போதும். வாரத்திற்கு ஒரு முறை தொட்டி நீரில் கால் பங்கை மாற்றலாம். குழாய் நீரில் கிருமி நீக்கத்திற்காகக் குளோரின் கலந்திருப்பதால், கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலந்த பின்னரே அதனைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். இவற்றைச் செய்யாமல் மீனை மட்டும் வாங்கி விடுவது, குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும். புதிதாக வந்த மீனும் கழிவை வெளியேற்றும். அந்தக் கழிவும் பாசிக்கு உரமாகும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சிறிதளவு பாசி நோயின் அறிகுறி ஆகாது. அது கழிவிலிருந்து வரும் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பகலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது. மீன்குஞ்சுகளுக்கும் இறால்களுக்கும் உணவாகிறது. பாசியே இல்லாத ஆற்றுக் கல்லை எங்கும் காண முடியாது. காட்சிக்கு இடையூறாகவும் செடிகளை மூடும் அளவுக்கும் வளரும்போதுதான் அதனைக் கட்டுப்படுத்த வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

பாசியைக் கட்டுப்படுத்தத் துணைக்கு ஓர் உயிரைச் சேர்க்க விரும்புவோர் நான்கு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்.

முதல் கேள்வி: அது முழுமையாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் இருக்கும்? கடையில் இருப்பது குஞ்சு. பண்டாராயா மீன் வளர்ந்தால் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். பல வீடுகளில் உள்ள தொட்டி 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. அதன் கொள்ளளவு 54 லிட்டர். 40 சென்டிமீட்டர் மீன் 30 சென்டிமீட்டர் அகலத்தில் எப்படித் திரும்பும்? ஓர் அளவுகோலை எடுத்துத் தொட்டியின் மேல் வைத்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது கேள்வி: பாசி தீர்ந்த பிறகு அது எதைத் தின்னும்? பாசி தின்னும் மீன்களைத் தொட்டியில் விட்டுவிட்டு உணவு கொடுக்காமல் இருப்பது பலரும் செய்யும் தவறு. சில வாரங்களில் கண்ணாடி தூய்மையாகும். பின்னர் மீனின் வயிறு ஒட்டிவிடும். வெந்நீரில் சிறிது நேரம் வேகவைத்த வெள்ளரி, பூசணி, கீரை ஆகியவற்றின் சிறு துண்டுகளையோ, பாசி கலந்த மாத்திரை உணவையோ அவற்றுக்குக் கொடுக்க வேண்டும். தின்னாத காய்த் துண்டை மறுநாள் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அதுவே அழுகி நீரைக் கெடுக்கும்.

மூன்றாவது கேள்வி: நம் ஊர் வெப்பத்தை அது தாங்குமா? ஈப்போவில் சூடேற்றும் கருவி இல்லாமலேயே தொட்டி நீர் பெரும்பாலும் 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். நீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது. 20 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. இரவில் ஒளி இல்லாதபோது பாசியும் செடிகளும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அருவி ஓடைகளில் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு வாழும் மலையோடை மீன்கள் அழகானவை, பாசியையும் தின்பவை. ஆனால் அவை விரைந்தோடும் குளிர்ந்த நீருக்குப் பழகியவை. அவற்றைப் பிடித்துவந்து தேங்கிய, வெதுவெதுப்பான தொட்டியில் விட்டால் மூச்சுத் திணறும்.

நான்காவது கேள்வி: ஏற்கெனவே தொட்டியில் இருப்பவற்றோடு அது ஒத்துப்போகுமா? தீபகற்ப மலேசியாவின் கரிசதுப்பு நில நீரோடைகளைத் தாயகமாகக் கொண்ட ஆர்லெக்குவின் ராஸ்போரா போன்ற சிறு மீன்களோடு இறாலும் நத்தையும் அமைதியாக வாழும். அதே இறாலை ஆஸ்கார் மீனோடு விட்டால், அன்றைய இரவு உணவாகிவிடும். சிறிய கவசக் கெளுத்திகளைப் பெரிய ஊனுண்ணி மீன்களோடு வைப்பதும் தவறு. அவற்றின் துடுப்பு முள் விழுங்கும் மீனின் தொண்டையில் சிக்கி, இரண்டும் இறக்க நேரிடும்.

பொருத்தமான துணைகள்

எல்லா வகைப் பாசியையும் தின்னும் உயிர் எதுவும் இல்லை. தொட்டியில் எவ்வகைப் பாசி உள்ளது என்று பார்த்த பிறகே துணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புதிய தொட்டிகளில் தோன்றும் பழுப்புப் படலம் டயாட்டம் என்னும் நுண்பாசியால் ஆனது. இதனை விரும்பித் தின்பது ஒட்டோசிங்க்ளஸ் என்னும் சிறு கெளுத்தி. அது தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. வளர்ந்தாலும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டரைத் தாண்டாது. கூட்டமாக வாழும் இயல்புடையதால் ஐந்தாறு மீன்களைச் சேர்த்தே வளர்க்க வேண்டும். எனினும் தொட்டி வைத்த முதல் வாரத்திலேயே அதனை வாங்கக்கூடாது. கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் ஒரு புதிய தொட்டியில் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் விடப்படும் ஒட்டோசிங்க்ளஸ் அம்மோனியாவாலோ பசியாலோ இறந்துவிடக்கூடும்.

கண்ணாடியில் பச்சைப் புள்ளிகளாக இறுகப் படியும் பாசிக்கு நெரைட் நத்தை ஏற்றது. அதன் நாக்கில் அரம் போன்ற நுண்பற்கள் உண்டு. அது நன்னீரில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டையிடும். ஆனால் அந்த முட்டைகளிலிருந்து வெளிவரும் இளவுயிர்கள் வளர உப்பு கலந்த நீர் வேண்டும். ஆதலால் தொட்டியில் அது பெருகுவதில்லை. நெரைட் குடும்பத்தைச் சேர்ந்த நத்தைகள் பேராக் கடலோரத்தின் சதுப்புநிலக் காடுகளிலும் வாழ்கின்றன. நத்தை ஓட்டின் முக்கியப் பொருள் கால்சியம் கார்பனேட். ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளும் அதே பொருளால் ஆனவையே. நீரில் கால்சியம் குறைந்து அமிலத்தன்மை கூடினால் நத்தையின் ஓடு அரித்துப் போகும்.

செடிகளில் நூல் நூலாகத் தொங்கும் பாசிக்கு இறால்கள் உதவும். அமானோ இறால் என்பது அவற்றுள் புகழ்பெற்றது. நீர்ச்செடித் தொட்டிகளை ஒரு கலையாக வளர்த்த ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தக்காஷி அமானோ, 1980களில் அதனைப் பாசி ஒழிப்புக்குப் பயன்படுத்திப் பரவலாக்கினார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது. ஆயினும் அது ஓரளவு குளிர்ந்த நீரை விரும்புவது. வெயில் படாத, காற்றோட்டமுள்ள தொட்டியில் மட்டுமே நம் ஊரில் நன்கு வாழும். செர்ரி இறால் அதைவிடச் சிறியது. வெதுவெதுப்பைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும். இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் செம்பு கலந்த மீன் மருந்தை ஊற்றக்கூடாது. மீனைக் காப்பாற்றும் அளவு செம்பு அவற்றைக் கொன்றுவிடும்.

செடி ஓரங்களில் கறுப்புத் தாடி போல வளரும் பாசியைத் தின்னும் மீன்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று சயாமியப் பாசித்தின்னி. தென்கிழக்காசிய ஆறுகளைச் சேர்ந்த இந்த மீன் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வரை வளரும், சுறுசுறுப்பாக நீந்தும், நீரிலிருந்து துள்ளும். நீளமான தொட்டியும் மூடியும் இதற்குத் தேவை.

மரத்துண்டுகளிலும் கற்களிலும் படியும் மென்பாசிக்குப் பிரிசல்நோஸ் கெளுத்தி ஏற்றது. இது பண்டாராயா மீனின் உறவினம். ஆயினும் 12 முதல் 15 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். வளர்ந்த ஆணின் முகத்தில் கிளைத்த மீசைகள் போன்ற இழைகள் இருக்கும். பெண் மீன் பொந்துக்குள் முட்டையிட, ஆண் மீன் காவல் இருந்து, துடுப்பால் விசிறி, குஞ்சு வெளிவரும் வரை அவற்றைப் பேணும். சுமார் 100 லிட்டர் தொட்டி, ஒரு மரத்துண்டு, மறைந்துகொள்ள ஒரு பொந்து ஆகியவை இதற்குப் போதுமானவை. கவ்வும் வாய் கொண்ட கெளுத்தியே வேண்டும் என்று விரும்புவோர், பண்டாராயா மீனுக்குப் பதில் இதனைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஏமாற்றும் தோற்றங்கள்

கடையில் ஒன்றைப் போலவே மற்றொன்று இருப்பதால் தவறுகள் நேர்கின்றன. சயாமியப் பாசித்தின்னியின் உடலில் ஓடும் கரும்பட்டை வால் துடுப்பின் நுனி வரை தொடரும். அதனைப் போலத் தோன்றும் ‘பறக்கும் நரி’ என்னும் மீனுக்குப் பட்டையின் மேல் பொன்னிறக் கோடு இருக்கும். துடுப்புகளில் கருமையும் வெண்மையும் காணப்படும். அது வளர வளர மற்ற மீன்களை விரட்டும் இயல்புடையது.

சீனப் பாசித்தின்னி என்று விற்கப்படும் மீன் இன்னும் ஏமாற்றக்கூடியது. பெயரில் சீனம் இருந்தாலும் அதன் தாயகம் மேக்கோங், சாவ் பிராயா ஆறுகள் பாயும் தென்கிழக்காசியப் பகுதி. பொன்மஞ்சள் நிறத்தில் விற்கப்படும் அதன் குஞ்சுகள் பாசியை ஆர்வத்தோடு தின்னும். வளர்ந்து 20 சென்டிமீட்டரைத் தாண்டும்போது பாசியின் மீதான ஆர்வம் குறைந்துவிடும். அகன்ற உடல் கொண்ட மீன்களின் மேல் ஒட்டி, அவற்றின் தோலைக் காக்கும் வழவழப்பான படலத்தை உறிஞ்சத் தொடங்கும்.

நத்தைகளிலும் இத்தகைய ஏமாற்றம் உண்டு. அழகுக்காக வளர்க்கப்படும் தங்க ஆப்பிள் நத்தை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் மலேசியாவில் கண்டறியப்பட்ட அது, இன்று நெல் வயல்களில் இளநாற்றைத் தின்னும் பூச்சிக்கு நிகரான பகையாக விளங்குகிறது. பாசனக் கால்வாய்ச் சுவர்களிலும் நெற்பயிரின் தண்டிலும் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகள் அதனுடையவை. நெரைட் என்று எண்ணி இதனை வாங்கினால், ஒரு வீட்டின் தவறு ஓர் உழவரின் இழப்பாகக்கூடும்.

இரக்கத்தால் நேரும் தீங்கு

விரல் நீளத்தில் வந்த பண்டாராயா மீன் ஓரிரு ஆண்டுகளில் தொட்டிக்குப் பெரிதாகிவிடுகிறது. செடிகளைப் பெயர்க்கிறது, அதன் கழிவால் நீர் கலங்குகிறது. தூய்மைக்காக வாங்கப்பட்ட மீனே அழுக்குக்குக் காரணமாகிறது. வீட்டாருக்கு அதனைக் கொல்ல மனம் வருவதில்லை. ஒரு மாலை வேளையில் வாளியில் எடுத்துச் சென்று, அருகிலுள்ள ஆற்றிலோ பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலோ விட்டுவிடுகின்றனர். ஓர் உயிருக்கு விடுதலை கொடுத்த நிறைவோடு வீடு திரும்புகின்றனர்.

அந்த நிறைவு அவர்களுக்கு மட்டுமே உரியது. ஆற்றில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் உயிர்களுக்கு அதில் பங்கில்லை.

பண்டாராயா மீனின் உடல் முழுவதும் எலும்புத் தகடுகளால் மூடப்பட்டது. நம் ஆறுகளில் வளர்ந்த பண்டாராயாவை எளிதில் விழுங்கக்கூடிய மீன்கள் மிகக் குறைவு. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் அது மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பையின் வழியாகச் சுவாசிக்கும். ஆதலால் பிற மீன்கள் வாழ முடியாத மாசடைந்த நீரிலும் அது தாக்குப்பிடிக்கும். ஆற்றங்கரை மண்ணில் ஆழமான வளைகளைக் குடைந்து அதில் முட்டையிடும். ஒரே இடத்தில் பல வளைகள் பெருகும்போது கரை தளர்ந்து சரியும். கற்களில் உள்ள பாசியை அது கூட்டமாகச் சுரண்டித் தின்னும்போது, அதே பாசியை நம்பி வாழும் உள்ளூர் மீன்களுக்கு உணவு குறைகிறது. மீனவரின் வலையில் சிக்கினால் அதன் முட்கள் வலையைக் கிழிக்கின்றன.

இது கற்பனையான அச்சம் இல்லை. சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் இம்மீன் நிலைத்துப் பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். அண்மை ஆண்டுகளில் தன்னார்வலர்கள் வலையோடு ஆற்றில் இறங்கி, பண்டாராயா மீன்களைப் பிடித்து அகற்றி வருகின்றனர். ஆந்திர மாநில மீனவர்கள் இதே மீனைப் பிசாசு மீன் என்று வெறுப்போடு அழைக்கின்றனர். மெக்சிகோவின் இன்பியெர்னில்லோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்து வாழ்ந்த மீனவர்களின் வலைகள், இம்மீன் பெருகிய பிறகு விலைபோகாத கவசக் கெளுத்திகளால் நிறைந்தன.

பேராக் மாநிலத்தில் இழப்பதற்கு நிறையவே இருக்கிறது. கிரியான் நெல் வயல்களின் பாசனத்திற்காக 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா ஏரி, ‘கெலிசா’ எனப்படும் ஆசிய அரோவானாவின் வாழிடங்களுள் ஒன்று. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, இம்மீனை முதலாம் பட்டியலில் வைத்துக் காக்கிறது. ஆண் கெலிசா சில பத்து முட்டைகளையே வாய்க்குள் அடைகாத்து வளர்க்கும். நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, வளைக்குள் காவல் காக்கும் பண்டாராயாவின் இனப்பெருக்கத்தோடு அதனால் போட்டியிட இயலாது.

ஈயச் சுரங்கக் குட்டைகளில் விட்டால் தீங்கில்லை, அவை மூடிய நீர்நிலைகள்தாமே என்று சிலர் எண்ணுவர். கிந்தா பள்ளத்தாக்கில் ‘லம்பம்’ என்று மக்கள் அழைக்கும் அக்குட்டைகள் ஏராளம். பெருமழைக் காலத்தில் குட்டை நிரம்பி வழிந்து, கால்வாயில் கலந்து, கிந்தா ஆற்றைச் சேர்ந்து, பேராக் ஆற்றில் முடிகிறது. தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவரப்பட்ட தென் அமெரிக்கப் பீக்கோக் பாஸ் மீன், பத்து காஜா வட்டாரக் குட்டைகளில் இன்று வேரூன்றிவிட்டது. குட்டையில் விடப்படும் மீன் குட்டையிலேயே நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அமேசானிலிருந்து வந்த இருவர்

பேராக் மக்களுக்கு அமேசான் காடு தொலைவில் இருப்பது போலத் தோன்றலாம். உண்மையில் அதன் ஒரு பகுதி அவர்களின் வாழ்க்கையோடு கலந்தே இருக்கிறது. ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் படுகை. 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு விதைகள் கொண்டு செல்லப்பட்டன. அங்கு முளைத்த கன்றுகளில் சில 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கோலாகங்சாரில் நடப்பட்டன. பின்னாளில் பேராக்கின் பெரும்பரப்பை மூடிய ரப்பர் தோட்டங்களுக்கு அக்கன்றுகளே முன்னோடி. விடியற்காலையில் நெற்றி விளக்கோடு மரம் சீவிய தமிழர் தலைமுறைகளின் உழைப்பு அம்மரத்தோடு பிணைந்தது.

ரப்பர் மரம் தன் தாயகத்தைவிட மலாயாவில் செழித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. தென் அமெரிக்காவில் அதன் இலைகளைக் கருகச் செய்யும் ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. அமேசானில் மரங்களை நெருக்கமாக நட்டுத் தோட்டம் அமைக்க முயன்றவர்கள் அந்நோயால் தோற்றனர். விதை கடல் கடந்தபோது நோய் உடன் வரவில்லை. பகையை விட்டுவிட்டு வந்த மரம் புதிய மண்ணில் தடையின்றி வளர்ந்தது.

பண்டாராயா மீனின் தாயகமும் அமேசான் படுகைதான். அங்கு அதனைத் தின்னும் பெரிய மீன்கள், பறவைகள், முதலைகள், நீர்நாய்கள் உள்ளன. அங்கு அது பல நூறு மீனினங்களுள் ஒன்று. யாருக்கும் தொல்லை இல்லாதது. இங்கு வந்தபோது அதுவும் தன் பகையைத் தாயகத்திலேயே விட்டுவிட்டு வந்தது. ரப்பரைச் செழிக்க வைத்த அதே விதிதான் இந்த மீனையும் பெருக வைக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பொறுப்பில் அடங்கியிருக்கிறது. ரப்பர் மரம் நட்ட இடத்தில் நின்றது. நிரையில் எத்தனை மரம் என்று கணக்கு இருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் சீவுபவர் ஒருவர் இருந்தார். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது அம்மரங்களை வெட்டி அகற்றவும் முடிந்தது. ஆற்றில் விடப்பட்ட மீனுக்குக் கணக்கும் இல்லை, காவலும் இல்லை. அதனைத் திரும்ப அழைக்க யாராலும் முடியாது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள், பால்மரக் காட்டுக்கு நடுவே ஓடிய ஓடைகளை இன்றும் நினைவில் வைத்திருப்பர். விரால், கெளுத்தி, பனையேறி, செப்பாட் ஆகியவற்றை அவர்கள் தூண்டிலாலும் கூடையாலும் பிடித்தனர். சண்டை மீனைப் போத்தலில் வளர்த்தனர். அவர்களிடம் அந்த ஓடை மீன்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது, நூலில் கிடைக்காத ஓர் உயிரியல் பாடமாக அமையும். அம்மீன்களுள் பல இன்னும் நம் நீர்நிலைகளில் இருக்கின்றன. அவை தொடர்ந்து இருக்க வேண்டுமானால் புதிய பகைகள் அவற்றோடு சேரக்கூடாது.

மீன் வளர்ப்போரின் கடமை

உயிருள்ள மீன்களை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும். ஆயினும் சட்டம் எல்லையில் நிற்க முடியுமே தவிர, ஒவ்வொரு வீட்டின் வாளிக்கும் காவல் நிற்க முடியாது. அந்தக் காவல் மீன் வளர்ப்போரின் மனத்தில் இருக்க வேண்டும்.

வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கு வழங்கலாம். இரண்டும் முடியாவிட்டால், என்ன செய்வதென்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். எக்காரணத்தைக் கொண்டும் ஆறு, குட்டை, கால்வாய் ஆகியவற்றில் விடக்கூடாது. தொட்டியைக் கழுவும் நீரையும் நீர்ச்செடிக் கழிவையும்கூட நேராகக் கால்வாயில் கொட்டாமல், தோட்டத்து மண்ணில் ஊற்றுவது நல்லது. அதில் நத்தை முட்டையோ இறால் குஞ்சோ இருக்கலாம்.

ஒரு சிறு தொட்டியைப் பேணுவதில் ஒளி, வெப்பம், உணவு, கழிவு, உறவு, பகை என எல்லாப் பாடமும் அடங்கியிருக்கிறது. 54 லிட்டர் நீருக்குள் நான்கைந்து ஒட்டோசிங்க்ளஸ், இரண்டு நெரைட் நத்தை, ஒரு சிறு ராஸ்போரா கூட்டம் எனத் தெரிந்து சேர்த்தவரின் தொட்டி நெடுநாள் நிலைக்கும். கண்ணாடியின் ஓர் ஓரத்தில் சிறிது பச்சை எஞ்சியிருந்தாலும் அது குறையாகாது. அங்கே நத்தை ஒன்று மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருக்கும்.